விடுபட்ட ஒரு நோன்பு

அந்த வருடம் நோன்பும் தீபாவளியும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தன. பதுளை பஸாரில் பிடவைக்கடை வைத்திருந்த புவாதுக்கு மூச்சுவிட நேரமில்லை. சம்பளச் சனிக்கிழமை என்றால் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கும் தோட்டத்துச் சனம் நேரே அவன் கடைக்குத்தான் வரும்.

"என்ன மொதலாளி, போன வருசம் வாங்குன இதே சீத்தைதானே? வெலை இப்புடி ஏறிப்போச்சே?" என்றாள் ஒரு அம்மாள், துணியை விரலால் நெருடியபடி.

"துணி கப்பல்ல வரணும் அம்மா. கப்பலே வருதில்ல."

"அப்ப கப்பலு வர்ற வரைக்கும் நாங்க தேயிலைக் கொழுந்தையா கோத்துக் கட்டிக்கிறது?"

கடை முழுவதும் சிரித்தது. புவாதும் சிரித்துக்கொண்டே முழத்துக்கு மேல் நாலு விரல் கூட்டி வெட்டிக் கொடுத்தான். வெளியாட்களிடம் அவன் அப்படித்தான். யாரும் மனம் நொந்து கடைப்படி இறங்கக் கூடாது.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவன் அவசரமாக வீட்டுக்குப் போனான். அந்த மாதம்தான் அவனைப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தெரிவு செய்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்காக நிர்வாகத்து ஆட்கள் எல்லோரையும் அன்று நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்திருந்தான். முன்னறையில் பாய் விரிக்க வேண்டும், பேரீச்சம்பழம் எடுத்து வைக்க வேண்டும்.

குசினியில் கஞ்சிச் சட்டி கொதித்து அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. மனைவி றஷீதா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க, எனக்கு என்னமோ செய்யுது" என்றாள் அவனைக் கண்டதும். "தலைக்குள்ள டப்பெண்டு ஏதோ வெடிச்ச மாதிரி இருந்திச்சு. பின் கழுத்தெல்லாம் இழுக்குது."

"நோன்புத் தலையிடி. தேத்தண்ணி இல்லாட்டி எனக்கும்தான் இந்த நேரத்துக்கு இடிக்குது."

"அது எனக்குத் தெரியாதா? சின்ன வயசில இருந்து நோன்பு புடிக்கிறேன். இது அது இல்லங்க. இது வேற."

சொல்லி முடிப்பதற்குள் அவள் வாந்தி எடுத்தாள். புவாத் வாய் கழுவத் தண்ணீர் கொடுத்தான். அதுவரை அவன் நல்ல கணவன்தான். ஆனால் அவன் மனம் முன்னறையில் இருந்தது. "தானா வந்த சத்தியில நோன்பு முறியாது. இன்னும் கொஞ்ச நேரம்தானே? நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிருவாங்க. பல்லைக் கடிச்சிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் பாய் விரிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது அவள் ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"குடிச்சியா?"

"ஏலாமப் போச்சுங்க. ஒரு டிஸ்பிரின் போட்டேன்."

நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு. அது அவனுக்குத் தெரியாததல்ல. ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனாலும் நிர்வாகத்து ஆட்கள் வரப்போகிற நேரத்தில், தன் வீட்டுக் குசினியிலேயே நோன்பு முறிந்தது அவனுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

"ஸல்மா இந்த வயசிலயே அரை நோன்பு புடிக்கிறாள். நீ அவளுக்கு உம்மாவாம்!" என்றான். "வாறவங்கட பொம்புளைகள் யாரும் கேட்டா நோன்பாளி எண்டு சொல்லு. என்ட மானத்தை வாங்காத."

றஷீதா எழுந்து, அடுப்பைத் தணித்து, கஞ்சியைக் கிளறினாள். ஆட்கள் வந்தார்கள், கஞ்சியைப் புகழ்ந்தார்கள், போனார்கள். புவாத் அன்றிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அவள் அடிக்கடி அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்தாள். குனிந்து சுஜூது செய்ய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதாள். அதையெல்லாம் அவன் பார்த்தான். தன் குற்றத்தை மறைக்க அவள் போடும் நாடகம் என்று நினைத்தான். அப்படி நினைப்பது அவனுக்கு வசதியாக இருந்தது.

பெருநாளைக்குப் பண்டாரவளையிலிருந்து றஷீதாவின் நானா அலவி வந்தான். பாடசாலை ஆசிரியன், சட்டென்று கோபப்படுகிறவன், அதைவிடச் சட்டென்று அழுகிறவன். தந்தை இல்லாத குடும்பத்தில் தங்கையை வளர்த்தவனே அவன்தான். புவாத் கடைக்குத் துணி வாங்க வந்த றஷீதாவைப் பார்த்து, பிடிவாதமாக நின்று பெண் கேட்டபோது, "வியாபாரி வீட்டுக்கு என்ட தங்கச்சியா?" என்று ஒரு வருடம் இழுத்தடித்தவனும் அவன்தான். கடைசியில் காவின் எழுதும் கல்யாண நாளில், வாப்பாவின் இடத்தில் அமர்ந்து, புவாதின் கையைத் தன் கைக்குள் பிடித்து, நிக்காஹ் வார்த்தைகளைச் சொல்லி முடிக்க முடியாமல் அழுதுவிட்டான்.

வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அலவி கேட்டான். "என்ன தங்கச்சி, கண்ணெல்லாம் உள்ளுக்குப் போயிருக்கு? மச்சான் சாப்பாடு தாறாரு இல்லயா?"

"நோன்புதானே நானா, எல்லாரும்தானே மெலிஞ்சிருக்கிறாங்க" என்று சிரித்தாள் றஷீதா. புவாத் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

நோயினாலோ மாதத் தீட்டினாலோ விட்ட நோன்பைப் பிறகு ஒரு நாள் நோற்று அடைக்க வேண்டும். அதைத்தான் களா என்பார்கள். அடுத்த நோன்பு வருவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். றஷீதா காத்திருக்கவில்லை. பெருநாள் கழிந்து சில நாட்களிலேயே, கடைக்குப் புறப்பட்ட புவாதின் முன்னால் வந்து நின்றாள்.

"இண்டைக்கு எனக்கு நோன்பு. அண்டைக்கு விட்டதை அடைச்சிட்டா உங்கட முகம் தெளியும்தானே?"

"உன்ட இஷ்டம்" என்றான் அவன், செருப்பை மாட்டிக்கொண்டே.

நடுப்பகல், லுஹர் நேரத்தில் பக்கத்து வீட்டு ஸுபைரா தலையில் முக்காடு நிற்காமல் கடைக்கே ஓடி வந்தாள். "புவாத் நானா, ஓடி வாங்க! றஷீதா விழுந்திட்டா. கண்ணு முழிக்கிறா இல்ல!"

*

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சத்தியபாமா அவளுடைய முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார். இரத்தம் கலந்திருந்தது. தகவல் கேட்டு அலவியும் பண்டாரவளையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டான். இருவரையும் விறாந்தைக்கு அழைத்துப் பேசினார் டொக்டர்.

"மூளைக்குப் போற இரத்தக்குழாய் ஒண்டு வெடிச்சிருக்கு. இதுக்கு முந்தி எப்பவாவது இப்பிடித் திடீரெண்டு கடுமையான தலையிடி வந்ததோ? சத்தி, கழுத்து விறைப்பு?"

அலவி புவாதைப் பார்த்தான். கோபமான பார்வை அல்ல. தங்கையைப் பற்றி அவளுடைய கணவனுக்குத்தானே தெரியும் என்ற சாதாரணப் பார்வை. புவாத் அந்தப் பார்வையைத் தவிர்த்து டொக்டரின் பக்கம் திரும்பினான். வந்தது என்றால், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி அடுத்ததாக வரும்.

"இல்ல டொக்டர்" என்றான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. எடுத்த நீர் தெளிஞ்சாப் பிறகும் மஞ்சளாக் கிடக்கு. பழைய கசிவு இருந்தாத்தான் அப்பிடி வாறது."

"நோன்பு காலத்தில எல்லாருக்கும் வர்ற தலையிடிதான் வந்திச்சு. வேற ஒண்ணும் இல்ல."

டொக்டர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, உடனே கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்புலன்ஸ் ஏற்பாடு செய்யப் போனார்.

ஸல்மாவை ஸுபைராவிடம் விட்டுவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். ஹப்புத்தளை மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் றஷீதாவின் தலை அசையாமல் புவாத் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். எதிரே அமர்ந்திருந்த அலவியின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. புவாதுக்கும் ஓதத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் 'இல்ல டொக்டர்' என்ற தன் குரலே குறுக்கே வந்தது.

*

கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் இரகுநாதன், கழுத்துக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படங்கள் எடுத்தார். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ. முன்மூளைக்குப் போற ரெண்டு குழாயும் ஒண்டோட ஒண்டு சேருற இடம் இது. இதில சின்னப் பலூன் மாதிரி ஊதிக் கிடக்குதெல்லே? இதைத்தான் அனியூரிசம் எண்டுறது. இதுதான் வெடிச்சது."

"வெட்டி எடுக்கேலாதா டொக்டர்?" என்று அலவி கேட்டான்.

"வெட்டி எடுக்கிறேல்லை. பலூன்ரை கழுத்தில ஒரு சின்னக் கிளிப் போட்டு, இரத்தம் அதுக்குள்ள போகாமல் அடைக்கிறது. கழுத்து ஒடுக்கமெண்டால் அது சுகமான வேலை. இதுக்குக் கழுத்து அகலம். போதாக்குறைக்கு மயிர் மாதிரி மெல்லிய கிளைக்குழாய்கள் பக்கத்தில ஒட்டிக்கிடக்கு. கிளிப் அதில ஒண்டைப் பிடிச்சாலும் ஞாபகம் போகலாம். ஆளின்ரை குணமே மாறிப்போகலாம்."

அலவி இன்னும் கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தான்.

"இப்ப மூளை வீங்கிக் கிடக்கு" என்று தொடர்ந்தார் அவர். "முதல் கசிவு எண்டபடியால் அவசரப்பட வேண்டாம். ரெண்டு கிழமை அசையாமல் படுக்க வைச்சு, வீக்கம் வத்தினாப் பிறகு திறக்கலாம். அதுதான் பாதுகாப்பு."

முதல் கசிவு. அந்த வார்த்தை புவாதின் நெஞ்சில் இடித்தது. அலவியோ அவன் தோளில் கை போட்டான். "மச்சான் உடனே தூக்கிட்டு வந்தபடியா தப்பிச்சா. இல்லாட்டி என்ன ஆகியிருக்கும் டொக்டர்? அல்லாஹ் காவல்" என்றான். கண் கலங்கியிருந்தது.

புவாத் அந்தக் கையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு வார்டுக்கு நடந்தான். இப்போது சொன்னால் என்ன ஆகும்? டொக்டர் திட்டத்தை மாற்றுவாரா? மாற்றினால் அதில் அவள் செத்துப்போனால்? சொல்லாமலே இரண்டு கிழமையும் நல்லபடியாகக் கழிந்துவிட்டால்? அவன் ஒரு வியாபாரி. இரண்டு பக்கமும் வைத்து நிறுத்துப் பார்க்கப் பழகியவன். ஆனால் இந்தத் தராசின் இரண்டு தட்டிலும் றஷீதாவே இருந்தாள்.

வார்டில் ஒரு சிங்களத் தாதி றஷீதாவின் தலையைத் தாங்கி, கரண்டியால் தண்ணீர் கொடுக்க முயன்றுகொண்டிருந்தாள். றஷீதா பாதி மயக்கத்தில் இருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆனாலும் கரண்டி வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினாள்.

"பொன்ன நோனா, டிக்கக் பொன்ன" என்று, கொஞ்சம் குடிக்கும்படி தாதி கெஞ்சினாள். பிறகு இவர்களைக் கண்டு, இவள் ஏன் குடிக்கமாட்டேன் என்கிறாள், என்னதான் சொல்கிறாள் என்று கையாலேயே கேட்டாள்.

புவாத் குனிந்தான். றஷீதாவின் வாயிலிருந்து காற்றாக வந்தது குரல்.

"இன்னும் பாங்கு சொல்லல்ல... அவரு ஏசுவாரு."

அலவிக்கு முதல் பாதி மட்டும்தான் கேட்டது. "கேட்டீங்களா மச்சான்? இந்த நெலமையிலயும் நோன்பு ஞாபகம்! என்ட தங்கச்சிட ஈமானைப் பாருங்க!" என்று சொல்லி அழுதே விட்டான்.

புவாத் தாதியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினான். "பாங்கு சொல்லிட்டாங்க றஷீதா. குடி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். குடிம்மா" என்றான். அவள் குடித்தாள். கரண்டியை வைத்துவிட்டு அவன் நேரே டொக்டர் இரகுநாதனின் அறைக்கு நடந்தான். அலவியும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தான். அவனை வெளியே நிற்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் புவாத் நினைத்தான். சொல்லவில்லை.

"டொக்டர், நான் பொய் சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னான். வெடித்த மாதிரி இருந்தது என்று அவள் சொன்னதை, வாந்தியை, கழுத்து இழுத்ததை, கதிரையில் தொழுததை. அவள் குடித்த தண்ணீரையும், அதற்குத் தான் சொன்ன சொல்லையும், பிறகு பேசாமல் இருந்ததையும், அந்த நோன்பை அடைக்கும் நாளில்தான் அவள் விழுந்தாள் என்பதையும் சொன்னான். பின்னால் நின்ற அலவியின் மூச்சு மட்டும் கேட்டது.

டொக்டர் இரகுநாதன் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதுளை டொக்டர் நீர் மஞ்சளெண்டு சொல்லித்தான் அனுப்பினவா. நீங்கள் இல்லையெண்டு நிண்டபடியால் நானும் அதை ஒதுக்கி வைச்சிட்டன். ரெண்டாந்தரம் வெடிச்சதெண்டால் கதை வேறை. மூண்டாவதுக்கு அது எங்களைக் கேட்டுக்கொண்டு வராது. இனிக் காத்திருக்கேலாது. நாளைக்குக் காலமை திறக்கிறன்."

"வீக்கத்தோட திறந்தா ஆபத்து எண்டு சொன்னீங்களே?"

"ஆபத்துத்தான். திறக்காமல் விடுறது அதைவிட ஆபத்து."

"அப்ப நான் சொன்னதாலதான்..."

"நீங்கள் சொன்னதால இல்லை. நடந்ததால."

புவாத் ஒன்றைக் கேட்காமல் அங்கிருந்து போக முடியவில்லை. "நோன்பு புடிச்சதாலயா டொக்டர் வெடிச்சது?"

"இல்லை. நோன்பில பிழையில்லை. எப்ப வெடிக்குமெண்டு ஆருக்கும் தெரியாது."

"முதல் நாளே கொண்டு வந்திருந்தா?"

டொக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "கொண்டு வந்திருந்தால் எனக்கு வேலை சுகமா இருந்திருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அலவி பேசினான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் முறையாக 'நீ' என்றான்.

"வாப்பா இல்லாத எடத்தில நான் இருந்து உன்ட கைய புடிச்சுத் தந்தேன். பதுளையில அந்த டொக்டரம்மா ரெண்டு தரம் கேட்டாங்களே. அப்பவாவது வாயத் தொறந்தியா?"

"உங்களுக்குப் பயந்துதான் மச்சான்."

"எனக்கா? நான் என்ன செஞ்சிருப்பேன்? ஒரு அடி அடிச்சிருப்பேன். அவ்வளவுதானே! அந்த ஒரு அடிக்குப் பயந்தா என்ட தங்கச்சிட உசிரை..."

முடிக்க முடியாமல் அவன் விறாந்தையின் மறுகோடிக்குப் போய்விட்டான். புவாதுக்கு அந்த அடியை அவன் இப்போதாவது அடித்திருக்கலாம் என்றிருந்தது.

*

மறுநாள் காலை றஷீதாவின் நீண்ட கூந்தலை மழித்து, தலையைத் துணியால் மூடி உள்ளே கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் என்று புவாத்தான் கையெழுத்துப் போட்டான். அதன்பிறகு அவனும் அலவியும் ஒரே வாங்கின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம். லுஹருக்கு ஒருவன் தொழுது வரும்வரை மற்றவன் இருந்தான். பிறகு மற்றவன் போனான்.

பின்னேரம் டொக்டர் இரகுநாதன் வெளியே வந்தபோது அவருடைய நெற்றியில் தொப்பி அழுத்திய தடம் இருந்தது.

"கையை வைக்கேக்கையே வெடிச்சிட்டுது" என்றார். "கீழ்க் குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப்பால பிடிச்சு இரத்தத்தை நிப்பாட்டித்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. கழுத்து அகலமெண்டபடியால் முதல் வைச்ச கிளிப் வழுக்கிக் கழண்டிட்டுது. வேறொண்டு வைச்சன். அது ஒரு கிளைக்குழாயை நெரிச்சுது. எடுத்துப்போட்டுத் திரும்பச் சரிச்சு வைச்சன். இப்ப நிக்குது. பழைய கசிவும் தெரிஞ்சுது. சுத்திவரக் கறை பிடிச்சு, எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிடந்தது."

"பொழைப்பாளா?" என்றான் அலவி.

"பிழைப்பா எண்டுதான் நினைக்கிறன். எப்பிடி எழும்புவா எண்டதை எழும்பினாப் பிறகுதான் சொல்லலாம்."

றஷீதா மெல்ல மெல்ல எழும்பினாள். கையும் காலும் ஒழுங்காக அசைந்தன. பேச்சு தெளிவாக இருந்தது. கண் விழித்ததும் அலவியை அடையாளம் கண்டாள், ஸல்மாவைக் கேட்டாள். புவாதைப் பார்த்து, "கடையை யாரு பாத்துக்கிறது?" என்றாள். அவன் அவளுடைய காலடியில் உட்கார்ந்து விம்மி அழுதான்.

ஆனால் நோன்பு மாதம் அவளிடம் இல்லை. கஞ்சிச் சட்டி இல்லை, வந்த விருந்தாளிகள் இல்லை, பெருநாள் வட்டிலப்பம் இல்லை. நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்துக்குப் பிறகு நேரே ஆஸ்பத்திரிக் கட்டில். புதிதாகச் சொன்னதும் நிற்கவில்லை. காலையில் சொன்னது பின்னேரம் போய்விடும். கிளிப் நெரித்த அந்த மெல்லிய குழாய் செய்த வேலை என்றார் டொக்டர். "திரும்பி வரும், மெதுவாத்தான் வரும். எவ்வளவு வருமெண்டு என்னால சொல்லேலாது."

*

பதுளைக்கு வந்தபின் உறவினர்கள் எல்லோரும் புவாதைப் புகழ்ந்தார்கள். கடையை மூடிப் போட்டுவிட்டுப் பெண்சாதியோடு கொழும்பில் கிடந்தானாம், தன் கையாலே கஞ்சி பருக்கினானாம், இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்! அலவி மாதத்தில் இரண்டு முறை வந்து தங்கையைப் பார்த்தான். புவாதோடு ஸலாத்துக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. அது இரக்கமா, அல்லது சொல்ல வேண்டியவன் அவனே சொல்லட்டும் என்ற தீர்ப்பா என்று புவாதுக்குப் புரியவில்லை.

வீட்டில் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே சாட்சி, அவளுடைய ஞாபகம், போய்விட்டது. இனி யாரும் கேட்கப் போவதில்லை. முடி வளரத் தொடங்கிய தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அவன் மாலையில் வரும்போதெல்லாம் றஷீதா புதுப்பெண்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் திருடி எடுத்துக்கொள்வதுபோல் இருந்தது அவனுக்கு.

ரஜப் மாதம் பிறந்த பின், ஒரு வெள்ளிக்கிழமைப் பகல், சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, நோன்பு கிட்டுது. போன நோன்பில எனக்கு எத்தனை களா இருக்கு? எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல்ல. வழக்கமா விடுற நாளைவிடக் கூட ஏதும் விட்டேனா?"

இல்லை என்று சொன்னால் போதும். பழகிய சொல்தான். புவாத் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"ஒண்ணு கூட விட்டாய். அதைச் சொல்லணும். இப்படி இரு."

சொன்னான். அவள் வேறு யாருக்கோ நடந்த கதையைக் கேட்பதுபோல் கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

"தண்ணி குடிச்சதுக்கு என்ன சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் சொன்ன மாதிரியே சொன்னான். மானம் வரைக்கும்.

"அப்படியா சொன்னீங்க?" என்றாள். அவள் முகத்தில் வியப்புத்தான் இருந்தது. கோபம் இல்லை.

"என்னை மன்னிச்சிரு றஷீதா."

"எனக்கு ஞாபகமே இல்லாத ஒண்ணை நான் எப்படி மன்னிக்கிற?" என்றாள் உண்மையாகவே புரியாமல். பிறகு, "சோறு காயுது, தின்னுங்க" என்றாள்.

நான்கைந்து நாள் போயிருக்கும். அவள் மறுபடி கேட்டாள். அதே கேள்வி, அதே குரல். போன தடவை கேட்டதும் சொன்னதும் அவளிடம் இல்லை. புவாத் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். கடை திறக்கும் நேரம். ஒருமுறை சொல்லிவிட்டேனே, கடமை முடிந்ததே என்று மனம் சொன்னது. அவன் கட்டிலில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னான். அன்றும் அவள் வியந்தாள். அன்றும் கோபப்படவில்லை. "உனக்குப் பதிலா அந்த ஒரு நோன்பை நான் புடிக்கேலாதா?" என்று கேட்டான். "ஹயாத்தா, உசிரோட இருக்கிற ஆளுக்கு இன்னொராள் புடிக்கேலா. அதுவும் தெரியாம நீங்க பள்ளி நிர்வாகத்தில இருக்கிறீங்களா?" என்று சிரித்தாள். நோன்பு கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பகரமாக ஏழைக்கு அரிசி கொடுப்பதென்று பேசிக்கொண்டார்கள். சிரிப்போடு அதுவும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஷஃபான் பிறந்து சில நாட்களில் மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஸல்மா முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். புவாத் தொடங்கினான். "அண்டைக்கு நான் அஸர் தொழுதிட்டு வந்தேன். நீ குசினியில, கீழ இருந்து..."

"தலையப் புடிச்சிட்டு இருந்தேன்" என்றாள் றஷீதா.

அவன் நிறுத்தினான்.

"ஞாபகம் வந்திட்டுதா?"

"இல்ல." அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினாள். "அது ஞாபகம் இல்ல. நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. கட்டில்ல இருந்து சொன்னீங்க. ஸல்மாட அரை நோன்பு... அவளுக்கு உம்மாவாம் எண்டு... நீங்க இதை முந்தியும் சொன்னீங்க, இல்லயா?"

"சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். வியப்பு மெல்ல இறங்கி, அவள் முகம் சிவந்தது. கண்கள் நிரம்பின.

"எனக்குத் தலை வெடிச்சிருக்கு. நீங்க விருந்தாளிக்குப் பாய் விரிச்சிருக்கிறீங்க!"

"ஓம்."

"நான் செத்திருந்தா?"

அவன் அவளை நோக்கி ஒரு அடி வைத்தான்.

"போங்க. கடைக்குப் போங்க. எனக்கு இப்ப உங்கட முகத்தைப் பாக்கேலா."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. புவாத் முற்றத்தில் நின்றான். போன தடவை சொன்னது அவளிடம் நின்றிருக்கிறது. நிற்கிறது! ஓடிப்போய் அலவிக்குத் தந்தி அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷமே ஒரு வெட்கமாக அவன் முகத்தைச் சுட்டது.

அன்று மாலை அவன் வந்தபோது அவள் பேசவில்லை. ஸல்மாவைக்கொண்டு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தூங்கி எழுந்தால் இதுவும் கலைந்துவிடும், காலையில் மறுபடியும் அந்தச் சிரிப்போடு நிற்பாள் என்று அவன் பயந்தான். கலைந்துவிட்டால் தான் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் ஆசையும் பட்டான். இரண்டையும் அவன் தனக்குள் மறைக்கவில்லை.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்தான். மேசையில் தேத்தண்ணீர் இருந்தது. றஷீதா அடுப்படியில் முதுகைக் காட்டியபடி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"றஷீதா" என்றான்.

அவள் திரும்பவில்லை. "நான் இன்னும் உங்களோட கோபம்" என்றாள்.

புவாத் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் எப்போது திரும்பினாலும் அங்கே இருக்க வேண்டும் என்று, அன்று கடை திறக்கப் போகாமல், அங்கேயே உட்கார்ந்திருந்தான்.